ஒரு விரல் இடைவெளி

வேம்பின் நிழல் பார்த்துத்தான் விட்டேன்.
மல்லாவியில், வங்கிக்கு எதிர்ப்பக்கம்.
பதினொன்று பத்துக்கு
நிழல் காரை முழுதாய் மூடியிருந்தது.
கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினேன்,
காற்றுக்கு.
எந்த விரல் என்று
பிறகு நெடுநாள் யோசித்திருக்கிறேன்.

பின் இருக்கையில் ஆரணி நித்திரை.
எழுப்பினால் அழுவாள்,
அழுதால் வரிசை முழுதும் திரும்பிப் பார்க்கும்
லீசிங் கட்டப் பிந்தியவனை.
அவளின் காலடியில் பிறவுணி,
மிருக வைத்தியரிடம் ஊசிக்குக் கொண்டுபோகிற குட்டி,
அவளுடைய செருப்பை நக்கிக்கொண்டு.
ஐந்து நிமிசம் என்றேன்,
நாயிடம்.

என் இலக்கம் அறுபத்து மூன்று.
பலகையில் ஐம்பத்தெட்டு.
ஐம்பத்தொன்பதுக்குக் கையெழுத்துப் பொருந்தவில்லை.
அறுபது நகை அடகு,
தராசு ஒருதரம் ஒன்று காட்டியது, மறுதரம் வேறொன்று.
குளிரூட்டி என் பிடரியில் ஊதியது.
வெளியே கச்சான் அடித்தது.
தெரு முழுக்கப் புழுதி எழும்பி விழுந்தது,
சத்தமில்லாமல்,
யாரோ ஒருவரின் வெயில் போல.

நிழல் வேம்பினுடையது. காரினுடையது அல்ல.
அது தன்பாட்டில் எழும்பி
மதிலடிக்குப் போய்விட்டது.

அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்கிற இராசமலர்
பிறகு சொன்னாள்:
நாய் குரைக்கேக்கை நான் பாக்கேல்லை தம்பி,
குரைப்பு நிண்டாப்பிறகுதான் பாத்தனான்.
ஒற்றைக் காலில் தெருவைக் கடந்து
ஊன்றுகோலைத் திருப்பிப் பிடித்து அடித்திருக்கிறாள்.
முதல் அடிக்குக் கோல் வளைந்தது.
இரண்டாவதுக்குக் கண்ணாடி.
அவளும் விழுந்தாள்.
அன்றைய சீட்டுகள் எல்லாம் கச்சானில் பறந்து
பஸ் தரிப்பிடம் வரைக்கும் போயின.

சத்தம் கேட்டு ஓடிவந்தேன்.
ஓடிவரும்போது என் முதல் எண்ணம்,
அதையும் எழுதிவிடுகிறேன்,
கண்ணாடி என்ன விலை வரும்.

பெல்ட்டின் இரும்பு விரலைச் சுட்டது.
தலைமயிர் நனைந்து ஒட்டி
போறணையில் இழுத்த பாண் மாதிரி
என் கையில் கிடந்தாள் பிள்ளை.
பிறவுணி மற்றக் கதவில்.
அந்த ஒரு விரல் இடைவெளியில்
மூக்கை வைத்தபடி.

ஒன்பது வயதில்
பதினாறு பேரோடு பங்கருக்குள் இருந்தவன் நான்.
மூடிய காற்று எப்படிக் கனக்கும் என்று
எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.
சொல்லித்தரத் தேவையில்லாததுதான்
முதலில் மறந்துபோகிறது.

ஆசுப்பத்திரியில் ஈரத்துணி, மின்விசிறி,
கரண்டி கரண்டியாய் ஜீவனி.
மூன்றாவது கரண்டிக்கு முகத்தைச் சுளித்தாள்.
அந்தச் சுளிப்பை நான் கும்பிட்டேன்.
எவ்வளவு நேரம் உள்ளே இருந்தவ? என்று தாதி கேட்டா.
ஐந்து நிமிசம் என்றேன்.
என் கையில் இன்னும் வங்கி இலக்கச் சீட்டு.
அதில் நேரம் அச்சடித்திருந்தது, பதினொன்று பதினான்கு.
அவ அதைப் பார்த்தா,
சுவர் மணிக்கூட்டைப் பார்த்தா,
என்னைப் பார்க்காமலே எழுதினா.

ஊன்றுகோலுக்குக் காசு கொடுத்தேன்,
இராசமலர் எண்ணி வாங்கினாள்.
சீட்டுகளுக்குக் கொடுத்ததை வாங்கவில்லை.
அது காத்துக் கொண்டுபோனது என்றாள்.

குட்டியை வாய்க்கால் கரையில் தாட்டேன்.
கார்மென்ற்ஸ் பஸ்ஸில் ஆறரைக்கு இறங்கிய நிரோஜினியிடம்
டிப்பர் என்றேன்.
நாய் டிப்பரில் அடிபட்டது.
கண்ணாடி உடைந்தது அதே டிப்பரின் கல்லில்.
டிப்பர்கள் போய்க்கொண்டேயிருக்கிற ஊரில்
இது ஒரு நல்ல பொய்.
அவள் டிப்பரைத் திட்டினாள்,
நானும் சேர்ந்து திட்டினேன்.

ஆரணிக்கு இரண்டரை வயது.
நாளுக்கு ஒரு சொல் பழகுகிறாள்.
நேற்று அலுமாரியைக் காட்டி
பூட்டு என்றாள்.
இன்று காலை, திற.
நிரோஜினி கைதட்டினாள்.